மனம் வராத காலை

கேள்வி: ஹைடெக் சிட்டியில் இரவு ஷிப்ட் வேலை. வேத வாசிப்பும் ஜெபமும் சில நாள் ஓடும், பிறகு நின்றுவிடும். மனமில்லாமல் ஜெபிப்பது வேஷம் ஆகாதா?
- வாசகி, செகந்திராபாத்

பதில்: ஆகாது. மனம் வந்தால்தான் ஜெபம் என்றிருந்தால் சங்கீதப் புத்தகத்தில் பல பக்கங்கள் வெற்றாகவே இருக்கும். 88-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். புலம்பித் தொடங்கி, இருளிலேயே முடிகிறது. அதுவும் ஜெபம்தான்.

உங்கள் ஊர் கோல்கொண்டா கிராஸ் ரோட்டில் ஹெப்ரோன் சபை இருக்கிறதே, அதை நிறுவிய பக்த் சிங், இளமையில் பரிசாக வந்த வேதாகமத்தைக் கிழித்துப்போட்டு அட்டையை மட்டும் வைத்துக்கொண்டவர்! 1929-இல் கனடாவில் மனம் திரும்பிய அவரே, பிறகு முழங்காலில் நின்று வேதத்தை வாசிப்பவர் ஆனார். 1941-இல் பல்லாவரம் மலையில் இரவெல்லாம் ஜெபித்த பின்புதான் சென்னையில் சபை தொடங்கினார். ஆர்வமே இல்லாத இடத்திலிருந்தும் ஆண்டவர் ஆளை எடுக்கிறார். உங்களுக்கோ கேட்கும் அளவுக்கு ஏக்கம் இருக்கிறது!

ஷிப்ட் முடிந்து வந்ததும் செல்போனை அடுத்த அறையில் சார்ஜில் போடுங்கள். பத்து வசனம் போதும். மனமில்லையென்றால் அதையே முதலில் ஆண்டவரிடம் சொல்லுங்கள். தவறிய நாட்களைச் சேர்த்துப் படிக்க உட்காராதீர்கள். அந்த வட்டிக் கணக்கில்தான் பலர் மூழ்குகிறார்கள். இன்றைய பகுதியைத் திறங்கள்.