எதிர்பார்ப்பே இல்லாத அப்பா

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நேரத்தில் இவரிடமிருந்து தப்ப முடியாது. நடப்பது ஒரு சுற்று. மொபைலில் குழந்தைப் படம் காட்டுவது மூன்று சுற்று. மகள் பிறந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. "எனக்கு எந்த எதிர்பார்ப்பும் கிடையாது சார். அவ சந்தோஷமா இருந்தா போதும்" என்று ஆரம்பிப்பார். இப்படி ஆரம்பிக்கிறவரிடம் மாட்டினால் அன்றைக்கு ஆபீசுக்கு லேட்தான்.

பிறப்பை 21 நாளுக்குள் மாநகராட்சியில் பதிந்துவிட்டால், பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். இந்தச் சலுகை தனக்காகவே வந்தது என்று நம்புகிறார். எக்செல்லில் பெயர்ப் பட்டியல் போட்டிருக்கிறார். நட்சத்திரத்துக்கு உரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது அவர் அம்மாவின் கட்டளை. கூட்டுத்தொகை ஐந்து வர வேண்டும், இது மாமனார். சுத்தத் தமிழாக இருக்க வேண்டும், முடிந்தால் ஒரு 'ழ' வேண்டும், இது அவரே. அதோடு, நாளைக்கு டெக்சாஸில் கூப்பிடுகிறவனுக்கு நாக்கு சுளுக்கக் கூடாது. கைக்குழந்தைக்கு டெக்சாஸில் என்ன வேலை என்று கேட்டேன்.

"போகணும்னு நான் சொல்லலையே சார். அது அவ இஷ்டம்."

இத்தனை நிபந்தனைக்கும் பொருந்துகிற பெயர் மனித குலத்தில் இதுவரை யாருக்கும் வைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. 'குட்டிம்மா'தான் கடைசியில் நிலைக்கும் போலிருக்கிறது.

பள்ளிச் சேர்க்கைக்குக் குழந்தையையும் பெற்றோரையும் கேள்வி கேட்டு வடிகட்டக் கூடாது என்கிற 2009 கல்வி உரிமைச் சட்டத்தை வாயாரப் புகழ்வார். புகழ்ந்த மூச்சிலேயே, எல்கேஜி சேர்க்கையில் அப்பாக்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று விசாரிப்பார். ஐஐடியா? சேச்சே, அந்த மாதிரி அப்பா அவர் இல்லை. சர்தார் படேல் சாலையில் அந்த வாசல் வரும்போது மட்டும் கார் தானாக மெதுவாகும். "உள்ளே மான் இருக்கும் சார், பாப்பாவுக்குக் காட்டலாம்னு." பாப்பாவுக்கு இன்னும் அம்மா முகமே சரியாகப் பிடிபடவில்லை.

குழந்தை அவர் விரலை இறுகப் பற்றியதாம். 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த மேற்கு மாம்பலத்து அஸ்வினின் கேரம் பால் பிடி அச்சு அசலாக இதேதானாம். பிறந்த குழந்தைகள் எல்லாமே அப்படித்தான் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "அவங்க பொதுவா சொல்றாங்க" என்று தள்ளிவிட்டார்.

எளிமையும் அவருக்கு முக்கியம். பிளாஸ்டிக் ஆகாது, மர நடைவண்டி, மரச்செப்பு, கையால் நெய்த துணி. எளிமைக்கு ஆன செலவில் ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம். மாமியாரோ கச்சேரி ரோடு டப்பா செட்டிக் கடையிலிருந்து வசம்பு வாங்கிவந்து பிஞ்சுக் கையில் கட்டிவிட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

"பொண்ணு பொறந்தா நகை சேர்க்கிற காலமெல்லாம் மலையேறிடுச்சு சார்" என்றார் ஒருநாள். அதே வாரம் தி. நகர் உஸ்மான் ரோட்டில் பதினோரு மாத நகைச்சீட்டில் சேர்ந்திருக்கிறார். கேட்டால், "அது நகையில்லை, முதலீடு." தபால் ஆபீசில் செல்வமகள் கணக்குக்குப் படிவமும் வாங்கியாயிற்று; பெயர் முடிவானதும் தொடங்க வேண்டியதுதான். வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம். 21 வருஷத்தில் முதிரும். "முழுக்க முழுக்க மேல்படிப்புக்கு!" மந்தைவெளியில் மாமனார் வீட்டுக்குக் குழந்தையைப் பார்க்கப் போனபோது, அந்தப் படிவத்தைப் புரட்டியபடி பெரியவர் சொன்னார்: "பதினெட்டு முடிஞ்சா கல்யாணத்துக்கும் எடுத்துக்கலாம் மாப்ளே." மாப்பிள்ளை மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அந்த விதி அவருக்கு முன்பே மனப்பாடம் என்பது என் சந்தேகம்.

பிறகு ஆண்-பெண் சமத்துவத்துக்கு வந்தார். "வீட்டு வேலையில பேதமே கூடாது சார். அப்பா அம்மா நடந்துக்கிறதைப் பார்த்துத்தான் இவ கத்துக்கணும்." அந்த நேரம் பார்த்து மடியில் இருந்த குட்டிம்மா நனைத்துவிட்டாள். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "நீங்களே மாத்திடுங்க. அம்மாவுக்கு முட்டி வலி."

"இதோ" என்றார். துணியை இப்படியும் அப்படியும் புரட்டினார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில், "அத்தை..."

மாமியார் முட்டியைப் பிடித்தபடி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போனார்.

"பார்த்தீங்களா சார்?" என்றார் என்னிடம், வேட்டியை உதறிக்கொண்டு. "பாட்டி கையில வளர்ற பாக்கியம் இந்தக் காலத்துல எத்தனை குழந்தைக்குக் கிடைக்கும்?"