பல் டாக்டரை ஏமாற்றுவது எப்படி?

வலி வரும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். எனாமலுக்கு நரம்பு கிடையாது. சொத்தை அதைத் துளைத்துக்கொண்டு போகும்போது உங்களுக்கு ஒன்றும் தெரியாது. இப்போதே போய்த் தொலைத்தால் சின்னதாக அடைத்து அனுப்பிவிடுவார்கள். பொறுமை காத்தால்தான் ராத்திரி இரண்டு மணிக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். ரூட் கெனால், மேலே கேப் என்று டாக்டருக்கும் வேலை கொடுக்கலாம். கிராம்புத் தைலத்தில் வலி தானாக அடங்கிவிட்டதா? கொண்டாடுங்கள். உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கலாம், அவ்வளவுதான்.

மகள் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டாள், தப்ப முடியாது என்றால், அன்று காலை பத்து நிமிஷம் வெறியோடு பல் தேயுங்கள். ஆறு மாசக் கணக்கை ஒரே நாளில் தீர்க்கிற முயற்சி. ஈறு சிவந்து புண்ணாகும், காரை அசையாது. கீழ் முன்பற்களின் உள்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். எச்சில் சுரந்து வரும் வழி அங்கேதான் இருக்கிறது. அதிலுள்ள தாது உப்புகள் அழுக்கோடு சேர்ந்து கல்லாக இறுகிவிடும். எந்த பிரஷ்ஷுக்கும் அது மசியாது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை தேய்ப்பீங்க?"

"ரெண்டு வேளை, டாக்டர்." கண்ணாடி வாய்க்குள் போவதற்கு முன்பே சொல்லிவிடுவது முக்கியம்.

அடுத்து மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி வரும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அதை மெதுவாக இறக்கி, "மூணு, ரெண்டு, மூணு, அஞ்சு" என்பார்; உதவியாளர் எழுதிக்கொள்வார். பில் தொகை என்று பதற வேண்டாம், அது இடுக்கின் ஆழம். மூன்று வரை பரவாயில்லை. நாலைத் தாண்டினால் ஈறு பல்லைக் கைவிடத் தொடங்கிவிட்டது என்று சந்தேகிப்பார்கள். அஞ்சு என்றதும் உதவியாளர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். நீங்கள் ஃபேனைப் பாருங்கள்.

"சுகர் இருக்கா?" என்று கேட்டால், பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று மடக்குங்கள். ஈறு நோய் சுகரை ஏற்றும், சுகர் ஈறு நோயை வளர்க்கும் என்று விளக்க ஆரம்பித்துவிடுவார். எக்ஸ்ரேயையும் தவிருங்கள். இரண்டு பல் ஒட்டுகிற இடத்திலுள்ள சொத்தை கண்ணாடிக்குத் தப்பிவிடும், படத்தில் மாட்டிக்கொள்ளும்.

துணியால் நாக்கைப் பிடித்து இழுத்து ஓரம், அடி, கன்னத்தின் உள்பக்கம் என்று பார்க்கும்போது மட்டும் நடிக்காதீர்கள். பாக்கு, புகையிலை போடுகிறவராக இருந்தால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். வெள்ளைப் படை, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், மூன்று விரல் நுழையாத அளவுக்கு இறுகிய வாய்: அவர் தேடுவது இவற்றைத்தான். வாய்ப் புற்றுநோயோ அதற்கு முந்தைய நிலையோ வலியே இல்லாமல் அங்கே இருக்கக்கூடும்.

சரி, பழையபடி ஏமாற்ற வருவோம். க்ளீனிங் என்றதும், "க்ளீன் பண்ணினா பல்லு ஆடுமாமே?" என்று எதிர்வீட்டு மாமாவைச் சாட்சிக்கு இழுங்கள். ஈறு ஏற்கெனவே கீழே இறங்கியிருக்கிறது; காரைதான் இடைவெளியை அடைத்து நின்றது; எடுத்ததும் ஓட்டை தெரிகிறது. மாமாவிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. அவருக்கு முன்பல் நாலும் செட்டு.

கிளம்பும்போது ஆறு மாசம் கழித்து வரச்சொல்லி அட்டையில் தேதி எழுதித் தருவார்கள். அது மகள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.