திறப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்

கோப்பு உங்களுடையது. கணினி உங்கள் காசில் வாங்கியது. அந்தக் கோப்பை எதில் திறப்பது என்று யோசிக்கும் சிரமத்தை மட்டும் பெரிய மனது பண்ணி மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஒரு காலத்தில் இது எளிய சங்கதி. கோப்புப் பெயரின் வாலை, அதாவது புள்ளிக்குப் பின்வரும் எழுத்துகளைப் பார். விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் அந்த வாலுக்கு நேரே எந்தச் செயலி எழுதியிருக்கிறதோ அதைக் கூப்பிடு. யார் வேண்டுமானாலும் அங்கே தன் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்பதால் செயலிகள் அடித்துக்கொண்டன. பூட்டு தேவைதான். 2012-இல் விண்டோஸ் 8 பூட்டியது: பயனரின் தேர்வுக்கு ஒரு ரகசிய முத்திரை, வெளிச் செயலி கைவைத்தால் செல்லாது. சரி, சாவி யாரிடம்?

2015-இல் தெரிந்தது. விண்டோஸ் 10-க்கு மாறும்போது ‘எக்ஸ்பிரஸ்’ பொத்தானைச் சொடுக்கியவர்களின் உலாவி மைக்ரோசாஃப்டின் எட்ஜ் ஆகிப்போனது. போட்டி உலாவிக்காரரான மொசில்லாவின் தலைவர் கிறிஸ் பியர்ட், மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெல்லாவுக்குப் பகிரங்கக் கடிதமே எழுதினார். 2021-இல் விண்டோஸ் 11 பதில் சொன்னது: உலாவியை மாற்ற வேண்டுமா? எச்டிஎம், எச்டிஎம்எல், எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போய் மாற்று. கூச்சல் எழுந்தபின், 2022-இல் ஒற்றைப் பொத்தான் தந்தார்கள். தயவுக்கு நன்றி. விண்டோஸ் தேடல் பெட்டியின் இணைப்புகள் அப்போதும் எட்ஜைத்தான் தேடிப் போயின. அவற்றைத் திருப்பிவிட்ட எட்ஜ்டிஃப்ளெக்டர் என்ற குட்டிச் செயலிக்கு 2021-இலேயே வழியை அடைத்திருந்தார்கள்.

அடைக்க வேண்டிய ஓட்டை வேறொன்று உண்டு. 2000 மே மாதம் ‘ஐ லவ் யூ’ வைரஸ் உலகைச் சுற்றியது. மின்னஞ்சலில் வந்த கோப்பின் உண்மையான வால் விபிஎஸ், அதாவது நிரல். விண்டோஸ் அதை மறைத்துவிட, வெறும் எழுத்துக் கோப்பின் வாலான டிஎக்ஸ்டி மட்டும் கண்ணில் பட்டது. கடிதம் என்று நம்பிச் சொடுக்கினார்கள். எல்லாவற்றையும் தீர்மானிக்கும் அந்த வாலை விண்டோஸ் 11-உம் மறைத்துத்தான் தருகிறது. அதில் அவர்களுக்கு நஷ்டமில்லையே!

இதற்குள் ஐரோப்பிய ஒன்றியம் பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது. 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது: ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் பயனர் தேர்ந்த செயலியையே விண்டோஸ் எப்போதும் பயன்படுத்தும். எட்ஜை நீக்கவும் செய்யலாம். ஆக, சொன்ன பேச்சைக் கேட்கத் தெரியாத மென்பொருள் அல்ல அது. சொல்பவர் எந்த ஊர் என்று விசாரித்துவிட்டுத்தான் கேட்கும். கணினியை முதன்முதலில் அமைக்கும்போது சொன்ன நாடுதான் கணக்கு. பிறகு மாற்ற ஆசைப்பட்டால் கணினியை ரீசெட் செய்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். சொந்தக் கணினியில் குடிமகனாவதற்கு மறுபிறவி, அதுவும் ஐரோப்பாவில்.