நம்ம பூனை இல்லீங்க

நோயாளிப் பூனையைத் தூக்கிவருபவர் கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களிலும் சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளிலும் தென்படுவார். வயது நாற்பதுக்கு மேல். அதுவரை பூனை குறுக்கே போனால் வீடு திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பியவராகவே பெரும்பாலும் இருப்பார்.

ஐப்பசி மழையில் வாசற்படியோரம் அது ஒண்டிக் கிடக்கும். கண்ணில் பீளை, மூக்கில் சளி, காதோரம் சொறி. “ரெண்டே நாள். தேறினதும் விட்டுடுவேன்” என்பார். வீட்டம்மாள் மறுமொழி சொல்வதில்லை. பழைய சேலை ஒன்றைக் கிழித்து மூலையில் போடுவார்.

முதல் மருந்து பால். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது; ஆகவே சளியோடு வயிற்றுப்போக்கும் சேரும். அடுத்தது சொறிக்கு வேப்பெண்ணெய். தடவிய கையோடு பூனை அதை நக்கி, கசப்பில் நுரை தள்ளும். தெருவே வெறி என்று முடிவுகட்டும். எதிர்வீட்டுக்காரர் காய்ச்சல் மாத்திரையில் பாதியைக் கொடுக்கச் சொல்வார். பாரசிட்டமாலை முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்குப் போதாது. அரை மாத்திரையே உயிரைக் குடித்துவிடும். இந்த ஓரிடத்தில் சிரிக்க ஒன்றுமில்லை.

பிறகுதான் கால்நடை மருத்துவமனை. வாகனம், ஜவுளிக்கடைக் கட்டைப்பை. ஷேர் ஆட்டோவில் பை கத்தும்போதெல்லாம் இவர் இருமுவார். பதிவேட்டில் உரிமையாளர் பெயர் கேட்டால், “எம்பேரை எழுதிக்குங்க. ஆனா நம்ம பூனை இல்லீங்க” என்பார். பூனையின் பெயரைக் கேட்டால் வெகுநேரம் யோசித்து, “பூனை” என்பார். பெயர் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது இவர் கணக்கு. துண்டில் சுருட்டிப் பிடித்தும் அது கீறிவிடும். சொறிக்குப் பூனைக்கு ஓர் ஊசி. கீறலுக்கு இவருக்கு வெறிநோய்த் தடுப்பூசி 0, 3, 7, 28 என நான்கு நாள், ஒவ்வொரு நாளும் இரு தோளிலுமாக எட்டு.

உணவில்தான் இரு ஊராரும் வேறுபடுவர். சிதம்பரத்துச் சைவர் தயிர்சாதத்தில் தொடங்குவார். டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூனைக்குப் பார்வையும் இதயமும் கெடும், அது போதிய அளவில் மீனிலும் இறைச்சியிலும்தான் உண்டு என்று மருத்துவர் விளக்கியபின், தெரிந்த முகம் எதிர்ப்படாத நேரம் பார்த்து மீன் வாங்கப் போவார். துணிப்பைக்குள் பாலித்தீன் பை, அதற்குள் இன்னொரு பாலித்தீன் பை. மேலே இரண்டு வாழைப்பூ.

தேறிய பூனையை விட்டுவிடும் நாள் ஒத்திப்போய்க்கொண்டே இருக்கும். சிதம்பரத்தில் மார்கழிக் குளிர், ஆருத்ராக் கூட்டம், வெயில், பிறகு ஆனித் தேர். கடலூர்க்காரருக்கு மீன்பிடித் தடைக்காலம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். “இப்பக் கொண்டுபோய் விட்டா அது என்னத்தைத் தின்னும்?” நியாயமான கேள்விதான். அந்த நாட்களில் மீன் விற்கும் விலைக்கு வீட்டில் முருங்கைக்காய்ச் சாம்பார். பூனைக்கு மட்டும் சங்கரா.

தடை முடிந்து படகுகள் திரும்பியதும், ஒரு விடியலில் அதே கட்டைப்பையோடு துறைமுகத்துக்குப் போவார். எட்டு மணிக்குள் திரும்பியும் விடுவார். பையில் பூனை இருக்கும். இன்னொரு கையில் அரைக் கிலோ காரப்பொடி மீன்.