கூட்டல் குறிக்கு வலப்பக்கத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: பாடக்கூட்டுத் தேர்வுப் பிரிவின் தலைவர், பெயர் போட வேண்டாமென்று நானே விட்டுவைத்த ஒரு பல்கலைக்கழகம்.

அனுப்புநர்: போட்டோஸ்டேட் கடைக்காரர், சூலியா தெரு, ஜார்ஜ்டவுன், பினாங்கு.

ஐயா,

மேஜர் ஒன்று, மைனர் ஒன்று, விருப்பப் பாடம் சில என்று பிள்ளைகள் தாங்களே கலந்து எடுத்துக்கொள்ளலாமென்று தாங்கள் போட்ட கையேட்டை இந்த மாதம் முழுக்க நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அட்டையில் நாலு பேர் சிரிக்கிறார்கள். மைனர் பட்டியல் இரண்டு பக்கம். அடியில் எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி: 'தெர்தாக்லோக் கெபாட' என்று தொடங்குகிறது. இந்த நாட்டில் பாரம் நிரப்பிய எவருக்கும் அந்த இரண்டு சொல் தெரியும். மேலே சொன்னதெல்லாம் எங்களுக்கு வசதிப்பட்டால் என்று பொருள்.

என் தங்கை மகள் வரலாறு மேஜர், தமிழ் மைனர், கூடக் கணக்கியலில் இரண்டு தாள் கேட்டாள். பெரிய லட்சியம் ஒன்றுமில்லை. கடையில் என் தாத்தாவின் பேரேடு ஒன்று கிடக்கிறது. ஓரமெல்லாம் பூச்சி அரித்தது, தொகையெல்லாம் தமிழ் எண்ணில் எழுதியது. ௧, ௨ வரை நானும் சமாளிப்பேன். அதற்கு மேல் எது பத்து, எது நூறு, எது வரவு, எது பற்று என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. "மாமா, இதைப் படிக்க மூணு பாடமும் வேணும்" என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

கணினிக்குப் படவில்லை. செவ்வாய் காலை 10 மணிக்கு வரலாற்றின் கட்டாய வகுப்பு. தமிழும் அதே செவ்வாய், அதே 10 மணி. இடிக்கிறது. தங்கள் அலுவலகம் பணிவோடு பதில் சொன்னது: அடுத்த செமஸ்டர் பாருங்கள். அடுத்த செமஸ்டர் தமிழ் வகுப்பே திறக்கவில்லை, ஆள் போதவில்லையாம். எப்படிப் போதும் ஐயா? தமிழுக்கு வர வேண்டிய பிள்ளைகள்தான் செவ்வாய் 10 மணிக்கு வரலாற்று வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்களே. இந்தச் சக்கரத்தைச் செய்தவர் யாரென்று தெரிந்தால் பொன்னாடை போர்த்த ஆசை.

எல்லாரும் படித்தாக வேண்டிய அறநெறி, நாகரிகப் பாடம் மட்டும் எதோடும் இடிப்பதில்லை என்பதையும் கவனித்தேன். கட்டாயம் என்று சொல்லிவிட்டால் மணி தானாக ஒதுங்கிவிடும் போலிருக்கிறது.

எங்கள் தெருவுக்கு இந்தத் திறமை கிடையாது. நாகூர் தர்கா ஒரு முனையில். சற்றுத் தள்ளிக் காதர் முகைதீன் 1801-ல் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். இதே தெருவில் தியோச்சூ சீனர்கள் 1870-ல் கட்டிய கோயில். குயின் தெருப் பக்கம் திரும்பினால் 1833-ன் மாரியம்மன். அந்தியில் பாங்கும் கோயில் மணியும் ஒன்றின்மேல் ஒன்று விழும். டைம்டேபிள் இடிக்கத்தான் செய்கிறது. இரண்டில் ஒன்றை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிவைக்க இதுவரை ஒரு குழுவும் அமையவில்லை.

மேஜர், மைனர் சந்தேகத்தோடு நாசி கண்டார் கடைக்குப் போனேன். மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு எல்லாம் சோற்றில் வெள்ளமாய் 'பாஞ்சிர்' அடித்து நிற்க, இதில் எது மேஜர், எது மைனர் என்று பாயைக் கேட்டேன். அகப்பையை நிறுத்தாமலே சொன்னார்: "சோறுதான் மேஜர் தம்பி. வெண்டைக்காய் முடிஞ்சுபோச்சு. அத மொதல்லயே சொல்லிர்றேன்." முதலிலேயே சொல்லிவிடுவது என்ற இந்த முறையைத் தங்கள் கையேட்டில் எங்கும் காணவில்லை.

தமிழுக்கு இது புதிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன், தங்களை மட்டும் குறை சொன்ன பாவம் வேண்டாம். தேசியப் பள்ளியில் தமிழ் வேண்டுமானால் 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்க வேண்டும் என்கிறது 1996-ம் ஆண்டுக் கல்விச் சட்டம். கேட்டு வாங்கிய வகுப்பும் பல இடங்களில் மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, மத்தியான வெயிலில் நடக்கும். 2009-ல் எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வில் 10 பாடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்றார்கள். தமிழும் தமிழ் இலக்கியமும் எங்கள் பிள்ளைகளுக்குப் 11, 12-ஆவது பாடங்கள். ஊரே கத்தியபின் 10+2 என்று வழிவிட்டார்கள். அந்த 2-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எங்கள் மொழி எப்போதும் கூட்டல் குறிக்கு வலப்பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறது, கல்யாண வீட்டில் கூடுதலாகப் போட்ட நாற்காலி மாதிரி.

என் விண்ணப்பம் சின்னது. ஒரே ஒரு செமஸ்டர் இடம் மாற்றிப் பாருங்கள். செவ்வாய் 10 மணியை முதலில் தமிழுக்குக் கொடுத்துவிட்டு, மற்றதை எங்கே வைப்பதென்று யோசியுங்கள். முடியாதென்றால் கையேட்டில் அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். எனக்கு டோனர் மிச்சம்.

இப்படிக்கு,
போட்டோஸ்டேட் கடைக்காரர்.

இணைப்பு: பில். மூன்று பக்கப் பாரம், ஏழு முறை திருத்தி ஏழு முறை நகல், பக்கத்துக்கு 20 சென். மொத்தம் 4 வெள்ளி 20 சென்.

பி.கு.: தங்கை மகள் தானாகவே உட்கார்ந்து பேரேட்டில் ஒரு வரியைப் படித்துவிட்டாள்: 'தமிழ் எங்கள் உயிர், வெள்ளி ௧'. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய இயலில் தமிழுக்கு இடம் வேண்டுமென்று 'தமிழ் முரசு' நாளிதழின் கோ. சாரங்கபாணி ஆளுக்கொரு வெள்ளி திரட்டினாரே, அந்த நிதி. துறையும் 1956-ல் வந்தது. தாத்தா அதைப் பற்றில் எழுதியிருக்கிறார். தங்களுக்குக் கொடுத்த வெள்ளியல்ல, வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனதுதான். ஆனாலும் வேறிடத்தில் பெற்ற கிரெடிட்டை மாற்றிக்கொள்ளலாமென்று தங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. அதை மாற்றிக் கழித்துக்கொண்டு, 3 வெள்ளி 20 சென் மட்டும் அனுப்பினால் போதும்.