வேணும்னா செல்லுல எடுத்துக்குங்க

கழுத்தில் நிக்கான் எஃப்எம்2, சட்டைப் பையில் அரசு அங்கீகார அட்டை. எண்பதுகளின் கடைசியில் பத்திரிகைப் புகைப்படக்காரன் என்றால் இவ்வளவுதான். இரண்டில் அட்டைதான் ஒசத்தி. கேமரா மக்கர் பண்ணினால் பக்கத்துப் பத்திரிகைக்காரரிடம் ஒரு பிரின்ட் கடன் வாங்கிச் சமாளிக்கலாம். அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலோ, அன்றைக்கு நாமும் பொதுமக்கள்.

பொதுமக்களின் கதி என்னவென்று ஒரு பெரிய ரயில் நிலையத்தில் பார்த்தேன். ஒரு புது மாப்பிள்ளை ஹாட் ஷாட் கேமராவில் மனைவியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ரயில்வே போலீஸ்காரர் ஓடிவந்தார். "ஸ்டேஷனை போட்டோ புடிக்கக் கூடாதுன்னு தெரியாது? பிலிமை உருவு!" டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. நான் அதே பிளாட்பாரத்தை, சிக்னலை, தண்டவாளத்தை 36 பிரேம் எடுத்து ரோலை முடித்தேன். எனக்கு சல்யூட் கிடைத்தது. வாங்கிக்கொண்டேன். வேவு பார்க்க வருகிறவன் புதுப்பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டா வருவான் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

இத்தனைக்கும் அரசியல் சட்டத்தில் பத்திரிகைக்காரனுக்கென்று தனி உரிமை எதுவும் கிடையாது. பேச்சுரிமை தரும் 19(1)(அ) பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் பொது. குடிமகனுக்கு இல்லாத விசேஷ உரிமை பத்திரிகைக்கு இல்லை என்று அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார். அட்டை நிஜமாகத் தந்தது அரசு பஸ்ஸில் இலவசப் பயணமும் ரயிலில் பாதிக் கட்டணமும்தான். ரயில் சலுகையும் 2020 மார்ச்சில் நின்றுபோனது.

ஓய்வு பெற்றபோது அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சென்ற மழையில் எங்கள் பக்கத்துச் சுரங்கப்பாதையில் பஸ் ஒன்று மாட்டிக்கொண்டது. இடுப்பளவுத் தண்ணீர். ஊரே செல்லைத் தூக்கிப் பிடித்திருந்தது. ஒரு தம்பி மைக்கோடு லைவ் போய்க்கொண்டிருந்தார். கான்ஸ்டபிளும் ஒரு வீடியோ எடுத்து யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தார். பழைய ஞாபகத்தில் நானும் பெரிய லென்ஸை மாட்டினேன். எஸ்.ஐ. நேராக என்னிடம் வந்தார்.

"எந்த பிரஸ் சார்?"

"ரிட்டயர் ஆயிட்டேன் தம்பி."

"கார்டு இல்லாம எடுக்கக் கூடாது சார்." என் நரையைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். "வேணும்னா செல்லுல எடுத்துக்குங்க."

ஆக, அன்று அட்டையைப் பார்த்தார்கள், இன்று லென்ஸின் நீளத்தைப் பார்க்கிறார்கள். சட்டத்தை எடுத்துப் பார்த்தவரை இரண்டு காலத்திலும் நான் சந்திக்கவில்லை. (கோயிலுக்குள் செல்போனுக்கே தடை போடச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே மட்டும் எல்லாரும் சமம்.)

போலீஸ் ஸ்டேஷனுக்குள் வீடியோ எடுத்த ஒருவர்மேல் அலுவல் ரகசியச் சட்டத்தில் போட்ட வழக்கை மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2022-இல் ரத்து செய்தது. 1923-ஆம் வருடத்து அந்தச் சட்டம் சொல்லும் தடைசெய்யப்பட்ட இடங்களில் போலீஸ் ஸ்டேஷன் சேராது என்றது. ஸ்டேஷனுக்கே இதுதான் நிலை என்றால் சுரங்கப்பாதைக்கு என்ன? அடுத்த முறை தெருவில் உங்களிடம் யாராவது கார்டு கேட்டால், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்கும்போது செல்லில் ரெக்கார்டிங் ஓடட்டும்.