நாற்பது நாளும் ஒரு தூக்கும்

சாந்தோம் பக்கம் தவக்காலம் தொடங்கிவிட்டதைக் கறிக்கடைக்காரர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் சிலுவையோடு நம்மவர்கள் கடையைத் தாண்டிப் போவார்கள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். மீன்காரருக்கு அந்தக் கவலை இல்லை. மீன் சாப்பிட்டால் சுத்தபோசனம் கெடாது என்பது சபைச் சட்டம். வஞ்சிரம் தன் விலையிலேயே நிற்கும்.

என் பெரியம்மா மீனையும் விட்டுவிடுவார். 60-ஆம் வயது தொடங்கிவிட்டால் ஒருசந்தி கட்டாயமில்லை. அவர் அதைத் தாண்டிப் பல வருடமாகிறது. இருந்தும் நாற்பது நாளும் ஒருவேளைச் சாப்பாடு, காபிக்குச் சர்க்கரை கிடையாது, சீரியல் கிடையாது. கடைசியாகச் சொன்னதுதான் உண்மையான தவம். விடாமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்று: அடையாறு நாத்தனார் மேல் இருந்த மனத்தாங்கல்.

விஷயம் இதுதான். நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் பெரியம்மா ரங்கநாதன் தெருவில் எவர்சில்வர் தூக்கு வாங்கி, பெயர் வெட்டிக் கொடுத்தார். சில வருடம் கழித்துப் பெரியம்மாவின் புது வீட்டு மந்திரிப்புக்கு நாத்தனார் ஒரு தூக்கோடு வந்தார். அதே தூக்கு! பெயரைத் தேய்த்து அழித்திருந்தார்கள். ஆனாலும் வெயிலில் சாய்த்துப் பிடித்தால், பெரியப்பாவின் இனிஷியல் புள்ளி புள்ளியாகத் தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் இந்தத் தரிசனம் உண்டு. சன்னலோரம் கூட்டிப்போய், எந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும் என்று சொல்லியும் தருவார். லஸ் கோயில் கல்வெட்டில் 1516 என்று இருக்கிறது. அதைக்கூட நாங்கள் யாரும் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

போன தவக்காலத் தியானத்தில் ஃபாதர், "சாப்பாட்டை விடறது சுலபம், மனசுல வெச்சிருக்கிறதை விடுங்க" என்று பிரசங்கம் வைத்துவிட்டார். யாரோ தன்னைப் பற்றிப் போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று பெரியம்மாவுக்குச் சந்தேகம். கொஞ்ச நாள் கழித்து எனக்குப் போன்.

"டேய், அவளை மன்னிச்சிடலாம்னு இருக்கேன். தூக்கை அவகிட்டயே கொடுத்துட்டா விட்டது சனியன். வா, முதல்ல மாட வீதியில ஒரு வேலை இருக்கு."

"பெரியம்மா, இன்னைக்கு அறுபத்துமூவர்."

"இருக்கட்டுமே. அவங்க வழியில அவங்க போகட்டும், நம்ம வழியில நாம போவோம்."

ஈஸ்டரும் பவுர்ணமியை வைத்துத்தான் குறிக்கப்படுகிறது, பங்குனிப் பெருவிழாவும் அப்படியே. அதனால் பல வருடங்களில் நம்முடைய புனித வாரமும் கபாலியின் ஊர்வலமும் முட்டிக்கொள்ளும். ஆட்டோக்காரர் மந்தைவெளியிலேயே கைவிரித்துவிட்டார். நடந்தோம். திறந்த பாத்திரத்தோடு ஒருவர் மயிலாப்பூரில் அன்றைக்கு நடமாடக் கூடாது. ஒரு பந்தல்காரர் கேட்காமலேயே இரண்டு கரண்டி நீர்மோரை ஊற்றிவிட்டார். "மோர் சுத்தபோசனம்தான்" என்று தீர்ப்பளித்து, பெரியம்மா நின்ற இடத்திலேயே குடித்து முடித்தார். கொத்தமல்லி தூக்கலாக இருந்ததாம்.

பாத்திரக்கடையில் தூக்குக்குப் பாலிஷ் போடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பெயர் வெட்டும் பையனைக் கூப்பிட்டு, பெரியப்பா பெயரை முழுதாகச் சொன்னார்.

"அடியில வெட்டாதே தம்பி. வெளிப்பக்கம், பெரிய எழுத்து. நல்லா ஆழமா."

மெஷின் கிர்ரென்றது. பையன் நிமிர்ந்து, "தேதி போடணுமா பாட்டி?" என்றான்.

"போடுப்பா. முதல்ல கொடுத்தது, இப்போ கொடுக்கறது, ரெண்டு தேதியும்."